வீட்டில் யாரும் இல்லை

அக்டோபர் 5, சனி

மிருதுளா சியாட்டிலிலிருந்து பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறாள். தீபாவளிப் பரிசாம். புடவையாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தால் உள்ளே தெர்மோஸ்டாட். வீட்டுச் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் சுவரில் மாட்டுகிற வட்டக் கருவி. பெற்று வளர்த்ததற்கு இதுதான் சீரா அம்மிணி என்று போனில் கேட்டேன். பழையது நாங்கள் வீடு வாங்கும்போதே சுவரில் இருந்தது, அதைப் பார்த்தாலே பாவமாக இருக்கிறது என்கிறாள். புதியது வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தானே பார்த்துக்கொள்ளுமாம். ஆள் இருந்தால் சூட்டை ஏற்றும், இல்லாவிட்டால் இறக்கிவிடும். அப்பாவுடைய ஹப்போடும் சேர்ந்துகொள்ளும் என்றாள்.

அந்த ஹப் ஒரு வெள்ளைப் பெட்டி. விளக்குகள், கராஜ் கதவு, அறைக்கு அறை மூலையில் உட்கார்ந்து அசைவைப் பார்க்கும் சென்சார்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி மேய்ப்பது அதன் வேலை. என் வீட்டுக்காரர் நல்லசிவம் வாங்கி வைத்தது. அதை அவர் பொருத்திய வாரம் நான் சமையலறையில் கால் வைத்தால் விளக்கு எரியும், காலை எடுத்தால் அணையும். பேய் பிடித்த வீடு மாதிரி இருக்கிறது என்று சண்டை போட்டேன். அவருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

புதுக் கருவி என்றால் அவர் அட்டைப்பெட்டியைப் பிரிக்கமாட்டார், கிழிப்பார். அதனால் இதையும் அவரிடமே நீட்டினேன். நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார்.

“நீயே பாரு கலா” என்றார்.

சரி, ஓய்வில் இருக்கிற மனுஷர். ஆகஸ்டில் அவருடைய கம்பெனியில் அவர் இருந்த பிரிவையே மூடி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷம் ஓடி ஓடி உழைத்த உடம்பு, கொஞ்ச நாள் உட்காரட்டுமே. நானே மாட்டுகிறேன். பிறர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. எதை மாற்றினேன், என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதாவிட்டால் எனக்குக் கை ஓடாது. அதனால் இந்த நோட்டு.

அக்டோபர் 6, ஞாயிறு

பழையதைக் கழற்றினால் நாலு கம்பி. புதியதற்கு ஐந்து வேண்டும். ஐந்தாவதுதான் அதற்கு எந்நேரமும் மின்சாரம் கொடுக்கிற கம்பி. அது இல்லாவிட்டால் முகம் மங்கி மங்கி அணைந்துபோகிறது. காலையெல்லாம் மல்லுக்கட்டினேன். கடைசியில் டார்ச் அடித்துச் சுவர் ஓட்டைக்குள் பார்த்தால் நீலக் கம்பி ஒன்று சுருண்டு கிடக்கிறது. அட கருமமே என்று இழுத்தேன்.

அதன் மறுமுனையைக் கீழ்த்தளத்தில், வீட்டுக்கெல்லாம் சூடான காற்று ஊதுகிற பர்னஸிலும் சேர்க்கவேண்டும். அவரைக் கூப்பிட்டேன். வந்தார், கண்ணை மூடிக்கொண்டு செய்வதுபோல் சேர்த்தார், திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக எந்தக் கம்பி எதற்கு என்று எனக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுப்பார். இன்றைக்கு அது இல்லை. எனக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மினசோட்டாவாக இருந்தால் என்ன, கோபிச்செட்டிபாளையமாக இருந்தால் என்ன, செய்வதைச் செய்யவேண்டும். இரண்டு கார், மிக்சி, வாஷிங் மெஷின், என் லேப்டாப், ஹப், புது தெர்மோஸ்டாட் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். வருஷா வருஷம் அவர் தன்னுடைய ஸ்க்ரூடிரைவர் செட்டையும் மல்டிமீட்டரையும் துடைத்துச் சாமி முன்னால் வரிசையாக அடுக்குவார். இந்த முறை அசதி என்றார். நானே எடுத்து வைத்தேன். சுண்டல் நன்றாக வந்தது. அவருக்குப் பசியில்லை.

அக்டோபர் 19, சனி

குளிர் ஆரம்பித்துவிட்டது. தெர்மோஸ்டாட்டின் லட்சணமும் தெரிய ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் இரண்டு பேரும் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம், வீடு ஐஸ்பெட்டி மாதிரி ஆகிறது. போய்ப் பார்த்தால் கண்ணாடி முகத்தில் எழுத்து: வீட்டில் யாரும் இல்லை. சிக்கன நிலை. தொட்டால் முழித்துக்கொண்டு சூடு ஏற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் யாரும் இல்லை என்கிறது. நான் என்ன பிணமா?

இப்போது சிரிப்பாக இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் சிரிக்க முடியாது. வெளியே போட்ட தண்ணீர் விழுவதற்குள் உறைகிற ஊர். பகலெல்லாம் வீட்டில் தனியாக இருப்பது அவர். நான் எட்டு மைல் தள்ளி ஆபீசில். சூடு நின்றுபோனால் அவர் எனக்குப் போன் பண்ணிச் சொல்லக்கூட மாட்டார், அப்படிப்பட்ட ஆள். பனி கொட்டுவதற்குள் இதைச் சரி பண்ணியாகவேண்டும்.

மிருதுளாவிடம் சொன்னேன். அந்த வசதியையே அணைச்சுடும்மா, ஒரு பட்டன்தான் என்றாள். பிழையை மூடி மறைப்பதற்குப் பெயர் திருத்தம் இல்லை. இருபது வருஷமாக ஆபீசில் சின்னப் பையன்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அக்டோபர் 26, சனி

ஹப்பில் தெர்மோஸ்டாட்டைச் சேர்க்கும் படலம். அறைக்கு அறை இருக்கிற சென்சார்கள் ஆள் நடமாட்டத்தைச் சொல்லிக் கொடுத்தால் தெர்மோஸ்டாட்டுக்குப் புத்தி வரும் என்பது என் கணக்கு. ஆனால் ஹப்புக்கு இதை அடையாளமே தெரியவில்லை. பொருந்தும் கருவிகள் பட்டியலில் இதே பெயர் இருக்கிறது, ஆனால் பழைய மாடல். தெர்மோஸ்டாட் வைஃபையில் பேசுகிறது, ஹப் வேறு ஏதோ அலைவரிசையில் பேசுகிறது. சம்பந்தி வீட்டாரை ஒரே பந்தியில் உட்காரவைப்பது இதைவிடச் சுலபம்.

இதெல்லாம் அவருக்குக் கரதலப் பாடம். இரண்டு தரம் கேட்டேன். “அப்புறம் பாக்கலாம்” என்றார். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய்க் குளியலுக்குத் தண்ணீர் சூடாக இருந்தது, வீடு இல்லை.

நவம்பர் 2, சனி

கண்டுபிடித்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

தெர்மோஸ்டாட்டின் கண்ணாடி முகத்துக்குக் கீழே கடுகளவு ஒரு கறுப்பு வட்டம். அதுதான் அதனுடைய கண். ஆள் நடமாடுகிறதா என்று அதன் வழியாகத்தான் பார்க்கிறது. அந்தக் கண்ணின் மேல், கச்சிதமாக நட்டநடுவில், ஆயுத பூஜைக்கு நான் வைத்த சந்தனம் காய்ந்து கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேல் குங்குமம் வேறு. மூன்று வாரமாகக் குருட்டு மெஷினைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஈரத்துணியால் துடைத்தேன். மிருதுளாவிடம் சொன்னதும் போனை வைத்துவிட்டுச் சிரித்திருப்பாள், மறுபடி கூப்பிட்டபோது மூச்சு வாங்கியது. அவரிடமும் சொன்னேன். சிரித்தார். உதடு மட்டும்தான் சிரித்தது, ஆனாலும் சிரித்தார்.

நவம்பர் 3, ஞாயிறு

நாள் முழுக்க வீடு கதகதப்பு. நான் துணி துவைத்து, பெருக்கி, இட்லிக்கு அரைத்து, மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருந்தேன். தெர்மோஸ்டாட் ஒரு முறைகூட அணையவில்லை. பிழை தீர்ந்தது என்று எழுதி அடியில் கோடு போடுகிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

போட்ட கோட்டை அழிக்கவேண்டியிருக்கிறது.

சாயங்காலமும் சனி, ஞாயிறும் ஒழுங்காக இருக்கிறது. வேலை நாள் பகலில் மட்டும் கோளாறு. என் போனுக்குச் செய்தி வருகிற மாதிரி வைத்திருக்கிறேன். நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்து காபி குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிறது: வீட்டில் யாரும் இல்லை. அப்புறம் நான் சாயங்காலம் கதவைத் திறக்கும்வரை அதே கதைதான். நல்லசிவம் என்று ஓர் ஆள் முழுசாக உள்ளே இருக்கிறார், அந்த மெஷினுக்குக் கண் இருந்தும் தெரியவில்லை.

அவர் இருக்கிற நாற்காலி தெர்மோஸ்டாட்டுக்கு நேர் எதிரில்தான். நாற்காலியை நகர்த்திப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

நவம்பர் 16, சனி

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்பது என் தொழில் பழக்கம். அதனால் இந்த வாரம் நாற்காலி. இடது பக்கம் ஓரடி நகர்த்தினேன். பலன் இல்லை.

அடுத்தது ஹப். அதன் மென்பொருளைப் புதுப்பித்தேன். இப்போது அதற்குத் தெர்மோஸ்டாட்டை ஒருவழியாக அடையாளம் தெரிகிறது. இனிமேல் ஹால், சமையலறை, மாடிப்படி, வாசற்கதவு எல்லாம் சேர்ந்து சாட்சி சொல்லும். அவருடைய போன் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கிற வசதியும் உண்டு, ஆனால் அவர் போன் பாதி நாள் சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. முன்பெல்லாம் அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இப்போது யார் கூப்பிடுகிறார்கள், அதற்கு எதற்குச் சார்ஜ் என்று விட்டிருப்பார்.

நவம்பர் 19, செவ்வாய்

சமையலறை சென்சார் செத்துவிட்டது என்று நினைக்கிறேன். மதியம் தோசை சுட்டுச் சாப்பிட்டேன் என்று அவர் சொன்னார். காலையிலிருந்து சமையலறையில் ஒரு அசைவும் இல்லை என்கிறது ஹப். வாசற்கதவு சென்சாரும் அப்படியே. வாக்கிங் போய்வந்தேன் என்றார், கதவு திறந்ததாகவே அதில் பதியவில்லை. எல்லாவற்றுக்கும் புது பேட்டரி போட்டேன். போட்டதும் என் நடமாட்டத்தை உடனே பிடித்தது.

தோசைக்கல் கழுவி மாட்டியபடியே இருக்கிறது. அவ்வளவு சுத்தமாக அவர் எப்போதும் கழுவமாட்டார். பரவாயில்லை, வீட்டு வேலை பழகிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 20, புதன்

தெர்மோஸ்டாட் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். பெயர் சொன்னாள், மறந்துவிட்டது. ஹப்பும் தெர்மோஸ்டாட்டும் ஒத்துப்போகவில்லை என்று ஆதியிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டு எதையோ தட்டிப் பார்த்தாள். இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன, எல்லாச் சென்சாரும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன என்றாள். அதற்கப்புறம் ரொம்ப மரியாதையாக ஒரு கேள்வி கேட்டாள். அந்த நேரத்தில் வீட்டில் நிஜமாகவே யாரும் இல்லாமல் இருக்க வாய்ப்பு உண்டா என்று.

எனக்கு வந்ததே கோபம். என் வீட்டுக்காரர் இருக்கிறார் அம்மா, அவர் என்ன சுவரில் மாட்டிய காலண்டரா என்று கேட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். போனைப் படக்கென்று வைத்தேன். ஒரு அறியாத பெண்ணிடம் எதற்கு அவ்வளவு கோபப்பட்டேன் என்று தெரியவில்லை. அவள் என்ன கண்டாள், வெங்காயம்.

நவம்பர் 23, சனி

முதல் பெரிய பனி. இந்தத் தெருவில் முதலில் மண்வெட்டியோடு இறங்குவது எப்போதும் எங்கள் வீடுதான். மற்றவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு அவமானப்பட்டு வெளியே வருவார்கள். இன்று பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வழியில் கிடந்த பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் முதுகு பிடித்துக்கொண்டது என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். யோசித்துத்தான் சொன்னார்.

நவம்பர் 29, வெள்ளி

மிருதுளா லீவுக்கு வந்திருக்கிறாள். வீடே மாறிவிட்டது. அவரும் அவளும் கடைக்குப் போகிறார்கள், கராஜைச் சுத்தம் செய்கிறார்கள், நேற்று அவரே மட்டன் குழம்பு வைத்தார். காரம் தூக்கல், யாரும் சொல்லவில்லை, நான் மட்டும் சொன்னேன். ஹப்பைத் திறந்து அவளுக்கு ஏதோ காட்டினார். அவளும் கைவைத்து என்னவோ புதுப்பித்தாள்.

ஆச்சரியம், வந்த நாளிலிருந்து தெர்மோஸ்டாட் ஒரு தடவைகூட யாரும் இல்லை என்று சொல்லவில்லை. அவள் போட்ட அப்டேட்தான் காரணம். கைராசிக்காரி.

டிசம்பர் 1, ஞாயிறு

விமான நிலையத்தில் விடப்போனபோது கேட்டாள். “அப்பா நல்லா இருக்காராம்மா?”

அவருக்கென்ன, ராஜா மாதிரி இருக்கிறார் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை எடை போடும் வரிசை நகர்ந்துவிட்டது, போய்விட்டாள். வீட்டுக்கு வந்தபோது அவர் நாற்காலியில் இருந்தார், அவளை வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது போட்ட கோட்டைக் கழற்றாமல்.

டிசம்பர் 2, திங்கள்

காபி குடித்து முடிப்பதற்குள் செய்தி. வீட்டில் யாரும் இல்லை. அப்டேட் ஒரு வாரம்தான் தாங்கும் போலிருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

மீட்டிங் ரத்தாகிவிட்டது. மதியமே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் உள்ளே இருந்த குளிர் வெளியே இருந்த குளிரைப் போலவே முகத்தில் அறைந்தது. ஐம்பத்தைந்து டிகிரி ஃபாரன்ஹீட், நம்மூர்க் கணக்கில் பதின்மூன்றுதான். திரையெல்லாம் மூடியிருந்தது. ஹாலில் விளக்கு இல்லை.

அவர் நாற்காலியில் இருந்தார். நான் காலையில் பார்த்த அதே பனியன், அதற்கு மேல் மிருதுளாவின் பழைய கல்லூரிக் கோட்டு. காலையில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது. டிபன் பாக்ஸ் திறக்கவில்லை. கையைத் தொட்டேன். ஜில்லிட்டுக் கிடந்தது.

“ஏனுங்க, குளிரலீங்களா?”

“குளிருது.”

“எந்திரிச்சு ஏத்தி வெச்சிருக்கலாமில்லங்க? ரெண்டே எட்டுத்தானே.”

என்னைப் பார்த்தார். கேள்வி கஷ்டமான கேள்வி என்பதுபோல யோசித்தார்.

“தோணல” என்றார்.

சூட்டைக் கூட்டினேன். ரசம் வைத்தேன். கொஞ்சம் குடித்தார். குறிப்பு: பகல் நேரத்தில் ஹப் கொடுக்கும் தவறான தகவலால் தெர்மோஸ்டாட் சிக்கன நிலைக்குப் போகிறது. ஹப்பை மாற்றிப் பார்க்கவேண்டும்.

டிசம்பர் 6, வெள்ளி

மேலே எழுதிய குறிப்பு பொய்.

டிசம்பர் 9, திங்கள்

லீவு போட்டேன். ஒரு பிழையைத் திரும்ப நடத்திப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதும் என் தொழில் பழக்கம்தான். உடம்பு சரியில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில், நான் பக்கத்தில் சோபாவில். அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே இருந்து பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டேன். போன் இல்லை, டிவி இல்லை, புத்தகம் இல்லை.

எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், சும்மா உட்காருவது அவ்வளவு கடினம். முதலில் மூக்கு அரித்தது. அப்புறம் அடுப்பில் ஏதோ வைத்த மாதிரி மனசு எழுந்து எழுந்து போயிற்று. ஜன்னலுக்கு வெளியே கார் ஒன்று வழுக்கி வழுக்கிப் போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. எதையுமே பார்க்கவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. இந்த நாலு மாதமும் இப்படித்தானா, இப்படித்தானா என்று எனக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அசையவில்லை.

கீழ்த்தளத்தில் பர்னஸ் டக்கென்று நின்றது. காற்று வருகிற சத்தம் அடங்கியது. சுவரில் எழுத்து வந்தது. வீட்டில் யாரும் இல்லை.

நான் எழுந்துவிட்டேன். “பாருங்க இந்தச் சனியனை. கல்லாட்டம் ரெண்டு பேரு உக்காந்திருக்கோம், யாருமில்லைங்குது. இன்னைக்கே கழட்டி வீசிடறேன்” என்று கத்தினேன்.

“கலா” என்றார். “உக்காரு.”

உட்கார்ந்தேன்.

“அதுல கோளாறு இல்ல. அது சரியாத்தான் சொல்லுது.”

அதற்கப்புறம் அவர் பேசினார். முப்பது வருஷத்தில் நான் அவரை இவ்வளவு மெதுவாகப் பேசிக் கேட்டதில்லை. காலையில் நான் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்குமாம். அதற்குப் பிறகு நான் கதவைத் திறக்கிற சத்தம். நடுவில் ஒன்றும் இல்லையாம். எழுந்துபோய்ச் சாப்பிடவேண்டும் என்று தெரியும், காலுக்கு அது போய்ச் சேராதாம். தோசை, வாக்கிங் எல்லாம் நான் கேட்பேனே என்று கதவு திறக்கிற சத்தத்தில் யோசித்து வைத்துக்கொண்டதாம். மிருதுளா வந்த வாரம் அவளுக்காக எழுந்தாராம். அந்த ஒரு வாரம் எழுந்தது மலையைத் தூக்கினது போல இருந்தது, அவள் போனதும் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றார்.

“எனக்கே தெரியல கலா. நான் இங்கதான் இருக்கேனான்னு.”

நான் அழுதேன். அவர் அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என்னிடம் சொல்வதற்கு என்ன என்று கேட்டேன். நீதான் சாயங்காலம் வந்து சந்தோஷமா தெர்மோஸ்டாட் கதை சொல்லிட்டு இருந்தியே, அதைக் கெடுக்க வேண்டாம்னு இருந்தேன் என்றார். போய் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். நான் அசைந்ததில் பர்னஸ் மறுபடி ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

டிசம்பர் 10, செவ்வாய்

மிருதுளாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விமான நிலையத்தில் கேட்டபோது சொல்லாததற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கும் தோணுச்சும்மா, நானும் உங்கிட்ட வற்புறுத்திக் கேக்கல என்றாள். டாக்டர் அப்பாயின்ட்மெண்ட் அவளே போட்டுவிட்டாள்.

டிசம்பர் 13, வெள்ளி

டாக்டர் இளம் வயதுப் பெண். அவரைப் பார்த்து நேராகக் கேள்வி கேட்டாள். தூக்கம், பசி, குளிப்பது, பேசுவது. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா என்றும் கேட்டாள். விடணும்னு தோணல, இருக்கணும்னும் தோணல என்றார் அவர். இதுவும் உடம்புக்கு வருகிற வியாதிதான், நிறையப் பேருக்கு வருகிறது, சரியாகும் என்றாள். மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகுமாம். வாரம் ஒரு முறை பேசுவதற்கு ஓர் ஆலோசகரும் ஏற்பாடு.

வரும் வழியில் காரில் “வெக்கமா இருக்கு” என்றார். சக்கரை வந்தா வெக்கப்படுவீங்களா என்று கேட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

டிசம்பர் 14, சனி

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. என் போனுக்கு வருகிற அந்தச் செய்தி. இத்தனை நாள் அது மெஷினைப் பற்றிய செய்தி என்று நினைத்துப் படித்தேன். இனிமேல் படித்தால் அவரைப் பற்றிய செய்தி. அவருக்குத் தெரியாமல் ஆபீசில் உட்கார்ந்து அவரை வேவு பார்ப்பதற்கு எனக்கு மனசு வரவில்லை. அவரிடமே சொல்லிவிட்டேன். மிருதுளா முதலிலேயே சொன்ன பட்டனை அழுத்தி அதை அணைத்துவிடுகிறேன், பகல் முழுக்க சூடு தானாக இருக்கும் என்றேன்.

அவர் எழுந்து தெர்மோஸ்டாட் பக்கம் போனார். அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இஞ்சினியர் பார்க்கிற பார்வைதான், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

“அணைக்காதே” என்றார். “அது யாரும் இல்லைன்னு சொன்னா நீ கூப்பிடு. போனை சமையல்கட்டுல சார்ஜ்ல போட்டு வெச்சிடறேன். எடுக்கணும்னா நான் எந்திரிச்சு வந்துதானே ஆகணும்?”

எந்திரிக்கலேன்னா என்று கேட்டேன்.

“எந்திரிக்கற வரைக்கும் கூப்பிடு.”

டிசம்பர் 18, புதன்

கூப்பிட்டேன். எடுத்தார். ம் என்றார், வைத்துவிட்டார். போதும்.

டிசம்பர் 24, செவ்வாய்

ஒரே நாளில் ஐந்தாறு முறை. எடுக்கிறார், ஆனால் எரிச்சல். நானும் எரிந்து விழுந்தேன், எனக்கும் ஆபீசில் வேலை இருக்கிறது, நான் என்ன ரயில்வே ஸ்டேஷன் மணியா என்று. சாயங்காலம் பேசிக்கொள்ளவில்லை. தூங்கும் முன் அவரே, நாளைக்கும் கூப்பிடுவேல்ல என்று கேட்டார்.

ஜனவரி 2, வியாழன்

மாத்திரையில் வாய் உலர்கிறதாம். டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றினோம். இன்று குளித்துவிட்டு வேட்டி மாற்றியிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் கண் பட்டுவிடும்.

ஜனவரி 7, செவ்வாய்

காலையிலிருந்து காற்று ஊளையிடுகிறது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள். நான் போகாமல் இருந்திருக்கவேண்டும், வாடிக்கையாளர் வந்திருக்கிற நாள் என்று போய்த் தொலைத்தேன். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது மேஜைமேல் போன் ஒளிர்ந்தது. வீட்டில் யாரும் இல்லை. சூடு குறைக்கப்படுகிறது.

மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்து கூப்பிட்டேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. மாடிப்படிப் பக்கம் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணைத் தேடினேன். கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். கோட்டு மீட்டிங் அறையில் இருக்கிறது, கோட்டு இல்லாமல் போனால் காருக்குள் ஏறுவதற்குள் உறைந்துவிடுவேன், போனால் போகிறது என்று நடக்க ஆரம்பித்தேன். நடந்துகொண்டே இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

“என்னங்க.”

“இன்னைக்கு முடியாதுன்னுதான் நெனச்சேன் கலா” என்றார். “நீ விட்டுருவேன்னு பாத்தேன். விட மாட்டேங்கறியே.”

விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்தேன். அங்கே வரவேற்பில் இருந்த பெண் என்னைப் பார்த்துத் தண்ணீர் வேண்டுமா என்று ஜாடையில் கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். போனில் அவர் நடப்பது கேட்டது. செருப்பு தரையில் இழுபடுகிற சத்தம். எங்கே போகிறார் என்று தெரியவில்லை. நின்றார். குனிந்திருக்கவேண்டும், முட்டி சொடுக்கியது. தரையோரம் சூடான காற்று வருகிற கம்பி வலைக்குப் பக்கத்தில் போனைப் பிடித்திருக்கிறார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கீழே எங்கோ பர்னஸ் உறுமிப் பிடித்தது, காற்று புஸ்ஸென்று கிளம்பி என் காதுக்குள் வந்தது.

“கேக்குதா?” என்றார்.

“கேக்குதுங்க” என்றேன்.